அப்பா எழுதி வைத்த 165

டயர் என்றால் கறுப்பாக இருக்கும், வட்டமாக இருக்கும், காற்று இறங்கினால் அடிக்க வேண்டும். 66 வயதுவரை டயரைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வாழ்நாளெல்லாம் ரயில்வேயில் கிராணி வேலை பார்த்தவன் நான். அங்கே எல்லாமே இரும்புச் சக்கரம். காற்றும் வேண்டாம், டியூபும் வேண்டாம்.

2024இல் மகளின் கல்யாணத்துக்காக ஒரு பழைய காருக்கு டயர் வாங்கப் புறப்பட்டேன். அரை நாள் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போனேன். இரண்டரை மாதம் ஆனது. அந்த இரண்டரை மாதத்தில் நான் கற்றுக்கொண்டது உங்களுக்கும் பயன்படலாம். உங்களிடம் பழைய கார் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மைவி வைத்திருந்தாலும் டயர் டயர்தானே!

முதலில் காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு எம்.ஜி.பி. 1967இல் செய்தது, பச்சை நிறம், துணிக் கூரை, இரண்டே இருக்கை. 'எம்.ஜி. கார்' என்று சொன்னால் எங்கள் உறவுக்காரர்கள் 'எம்.ஜி.ஆர். வைத்திருந்த காரா?' என்றுதான் கேட்பார்கள். எம்.ஜி. என்பது மோரிஸ் காரேஜஸ் என்பதன் சுருக்கம். இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பக்கத்தில் உள்ள ஏபிங்டன் என்ற ஊரில் 1962 முதல் 1980 வரை இந்த வகைக் கார்களை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதில் ஒன்று கப்பலேறி, கிள்ளானுக்கும் காப்பாருக்கும் இடையில் இருந்த ஒரு ரப்பர் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. கார் துரையுடையது. அதைப் பழுது பார்த்துக் கொடுத்தவர் தோட்டத்து மெக்கானிக்காக இருந்த என் அப்பா.

1974இல் துரை ஊருக்குப் புறப்பட்டபோது காரின் எஞ்சின் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தது. 900 வெள்ளிக்கு அதை அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். மாதம் 50 வெள்ளி வீதம் 18 மாதம் கட்டினார் அப்பா. அம்மா அந்த 18 மாதமும் அப்பாவோடு சரியாகப் பேசவில்லை. எஞ்சினைப் பிரித்துப் பூட்டி, முதன்முறையாக லயத்து வாசலில் அவர் காரைக் கிளப்பியபோது எனக்கு 17 வயது. பால் வாளியோடு நின்ற பெண்கள் எல்லாரும் சிரித்ததும், அம்மா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்ததும் நினைவிருக்கிறது.

பிறகு நாங்கள் தோட்டத்தை விட்டுக் கிள்ளானுக்கு வந்தோம். வேலை கிடைத்து நான் பிரிக்ஃபீல்ட்ஸ் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். அப்பா கிள்ளான் வீட்டிலேயே இருந்து 2015இல் காலமானார். இப்போது அந்த வீட்டில் என் தங்கை குடும்பம் இருக்கிறது. கார் போர்டிகோவில் துணி போர்த்திக் கிடந்தது. வாரம் ஒரு முறை எஞ்சினைக் கிளப்பி அணைப்பான் தங்கை மகன். ஆனால் சாலையில் ஓடவில்லை.

கல்யாணம் நிச்சயமானதும் மகள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "ப்பா, மண்டபத்துக்கு நான் தாத்தா கார்லதான் வருவேன். நீங்கதான் ஓட்டணும்."

தாத்தாவின் மடியில் உட்கார்ந்து அந்த ஸ்டீயரிங்கைத் திருப்பிப் பழகியவள் அவள். மறுக்க முடியுமா?

*

ஜூலை மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பிரேக், எண்ணெய், பேட்டரி எல்லாம் பார்த்தாகிவிட்டது. சாலை வரியும் காப்புறுதியும் தங்கை மகன் எடுத்துவிட்டான். டயர்களைக் குனிந்து பார்த்தேன். கோடுகள் எல்லாம் ஆழமாக, புதிதாகவே தெரிந்தன. மலாய்க்காரர்கள் டயர் கோட்டை 'புங்ஙா' என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டு நாமும் 'பூ இருக்கு, பூ இல்லை' என்றுதானே பேசுகிறோம்? பூ நிறைய இருந்தது. காற்று அடித்துக்கொண்டு, மகளை ஏற்றிக்கொண்டு, கிள்ளானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸுக்குக் கூட்டரசு நெடுஞ்சாலையில் வெள்ளோட்டம் கிளம்பினேன்.

ஷா ஆலாம் தாண்டும்வரை சுகமாக இருந்தது. பத்து தீகாவை நெருங்கும்போது பின்னாலிருந்து 'தப் தப்' என்று ஒரு சத்தம். கூரைத் துணிதான் அடித்துக்கொள்கிறது என்று நினைத்தேன். சத்தம் வேகமாகி 'தட தட' என்றாயிற்று. கார் குலுங்கத் தொடங்கியது. அடுத்த நொடி 'படீர்'. காரின் பின்பக்கம் ஒரு பக்கமாக இழுத்தது. என் கையில் இருந்த ஸ்டீயரிங் என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னால் வந்த லோரி விடாமல் ஹாரன் அடித்தது. மகள் ஒரு கையால் கதவையும் மறு கையால் என் சட்டையையும் பிடித்திருந்தாள். எப்படியோ இடது ஓரத்தில் போய் நின்றோம்.

இறங்கிப் பார்த்தால், வலது பின் டயரின் மேல் பட்டை வாழைப்பழத் தோல் மாதிரி உரிந்து தொங்கியது. பட்டையில் பூ அப்படியே இருந்தது.

இருவரும் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் நின்றுகொண்டு இழுவை லோரிக்குக் காத்திருந்தோம். ஒரு காலத்தில் அந்தப் பக்கம்தான் பத்து தீகா கார் பந்தயத் திடல் இருந்தது. 1968இல் திறந்தார்கள். மலேசிய கிராண்ட் பிரீ அங்கே நடந்திருக்கிறது. அப்பா என்னைத் தோளில் தூக்கிக் காட்டும் வயதைக் கடந்திருந்தும், கூட்டத்தில் எனக்காக இடம் பிடித்துத் தந்த இடம் அது. அங்கே நின்று என் கைகள் நடுங்குவதை மகள் பார்க்காதபடி சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

தங்கை மகன் மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான். டயரின் பக்கச்சுவரைத் துணியால் துடைத்து, கைப்பேசி வெளிச்சத்தில் எதையோ தேடினான்.

"மாமா, இங்க பாருங்க. 3107."

"அப்படின்னா?"

"2007ஆம் வருஷம் 31ஆவது வாரம் செஞ்சது. இந்த டயருக்கு 17 வயசு மாமா."

அன்றுதான் எனக்கு அது தெரியும். 2000ஆம் ஆண்டிலிருந்து செய்யப்படும் டயர்களில், பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். ஓடினால்தான் டயர் தேயும், ஆனால் நிறுத்தி வைத்தாலும் கிழடாகும். வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை உலர்த்தி வெடிக்க வைக்கின்றன. உள்ளே பட்டைக்கும் கம்பி வலைக்கும் இடையே உள்ள பிடிப்பு தளர்கிறது. 5 வருஷம் ஆனால் ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும், 10 வருஷத்துக்கு மேல் பூ இருந்தாலும் போடக்கூடாது என்பது பல தயாரிப்பாளர்கள் சொல்லும் கணக்கு.

தங்கை மகன் அறையில் பால் வாக்கர் படம் ஒட்டியிருப்பான். 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' படத்து நடிகர். 2013 நவம்பர் 30ஆம் தேதி கலிஃபோர்னியாவில், நண்பர் ஓட்டிய போர்ஷே காரில் போய் இருவருமே இறந்தார்கள். அதிவேகம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. ஆனால் அந்தக் காரில் இருந்தவை 9 வருஷத்து டயர்கள் என்பதையும் சேர்த்தே எழுதியது. "உலகமே அழுதுச்சு மாமா, டயர் தேதியை மட்டும் யாரும் பாக்கறதில்ல" என்றான். நானும் பார்க்கவில்லை. பெற்ற மகளை உட்கார வைத்துக்கொண்டு பார்க்கவில்லை.

*

புது டயர் வாங்க வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. எந்த அளவு? கழற்றிய டயரில் '165 ஆர் 14 84 எஸ்' என்று இருந்தது. அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு ஒரு கடைக்குப் போனேன்.

"165ஆ? அதெல்லாம் இப்போ வராது அங்கிள். 185 போடலாம். 14 இஞ்ச் இருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. 14க்கு 14 சரியாக இருக்கிறதே என்று பின்னால் இரண்டை மட்டும் முதலில் மாட்டச் சொன்னேன்.

மாட்டியதும் கார் முன்பக்கம் குனிந்து, பின்பக்கம் தூக்கி, தவளை மாதிரி நின்றது. கடையை விட்டு வெளியே வந்து முதல் மேட்டில் ஏறி இறங்கியதும், பின் மட்கார்டில் 'கர்ர்' என்று டயர் உரசியது. முதுகெலும்பு ஒவ்வொன்றையும் எண்ணிப் பார்க்கலாம் போல அப்படி ஒரு ஆட்டம். தங்கை மகன் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான். டயரில் '185 ஆர் 14 சி' என்றிருந்தது. அந்த 'சி' என்றால் சரக்கு வேனுக்கானது. சுமை தாங்குவதற்காகப் பக்கச்சுவரைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள். ஒரு டன்கூட இல்லாத விளையாட்டுக் காருக்கு அது மாட்டு வண்டிப் பட்டை. இரண்டு டயர் பணம் போனது.

அன்று இரவு தங்கை மகனை உட்கார வைத்து, அழைப்பிதழ் மாதிரிப் படியின் பின்பக்கத்தில் கணக்குப் போடச் சொன்னேன். கணக்கு என்று வந்துவிட்டால் கிராணி விடுவானா?

இந்த எண்களைப் படிப்பது ஒன்றும் கம்ப சூத்திரம் இல்லை. 185/60 ஆர் 14 என்று எடுத்துக்கொள்ளுங்கள். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 60 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் 60 விழுக்காடு. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில். ஒரே டயரில் மில்லிமீட்டர், விழுக்காடு, அங்குலம் மூன்றையும் போட்டுக் குழப்பியிருக்கிறார்கள். பழைய டயர்களில் நடு எண் இருக்காது. இல்லையென்றால் ஏறத்தாழ 80 என்று வைத்துக்கொள்ள வேண்டும். அங்கேதான் நான் ஏமாந்தேன்.

பக்கச்சுவரை இரண்டால் பெருக்கி ரிம்மோடு கூட்டினால் சக்கரத்தின் முழு உயரம் வரும். 14 அங்குல ரிம் 356 மில்லிமீட்டர். அப்பா போட்டிருந்த 165க்கு மொத்தம் 620 மில்லிமீட்டர். எனக்குத் தலையில் கட்டிய வேன் டயர் 652. தங்கை மகன் ஆசைப்பட்ட 185/60 டயர் 578.

"இது நல்லா படுத்த மாதிரி இருக்கும் மாமா, ரேஸ் கார் லுக்" என்று அவன் அந்தக் கடைசி எண்ணைத்தான் வட்டம் போட்டான்.

"அது சரி. மீட்டர் என்ன காட்டும்?" என்றேன்.

காரின் மீட்டருக்கு டயர் மாறியது தெரியாது. சக்கரம் சுற்றுவதைத்தான் அது எண்ணும். 578 டயரைப் போட்டால் மீட்டர் 60 மைல் காட்டும்போது கார் 56 மைல்தான் ஓடும். எஞ்சின் வீணாக அதிகம் சுற்றும். கார் 21 மில்லிமீட்டர் தரையோடு தாழும். நம் தாமான்களில் இருக்கும் மேடுகளில் அந்தக் காரின் புகைக்குழாய் ஏற்கெனவே முட்டிக்கொண்டுதான் போகிறது. வேன் டயரைப் போட்டால் நேர்மாறு. மீட்டர் 60 என்னும், கார் 63இல் போய்க்கொண்டிருக்கும்.

"சரி மாமா, அகலமா இருந்தா கிரிப் நல்லா இருக்குமே?" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் கிள்ளானில் இருந்தது.

*

அப்பா வழக்கமாகப் போகும் டயர் கடை கிள்ளானில் ஒரு பழைய கடைவரிசையில் இருக்கிறது. தவுக்கேவுக்கு 80 வயதிருக்கும். தோட்டத்து மளிகைக் கடையில் பிறந்து வளர்ந்தவர், நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். காரைப் பார்த்ததும் கடைக்குள்ளிருந்து எழுந்து வந்து அதன் மூக்கைத் தடவினார்.

"உங்கப்பா வந்தா இங்க நாற்காலி போட்டு உக்காந்துடுவாரு. பையனுங்க டயர் மாத்தறதை நம்ப மாட்டாரு. கூடவே நிப்பாரு."

வேன் டயரைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

டயர் தரையைத் தொடும் இடம் உள்ளங்கை அளவுதான். அந்த இடத்தின் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது காரின் எடையும் டயரில் உள்ள காற்றழுத்தமும். அகலமான டயரைப் போட்டால் அந்த இடத்தின் வடிவம் மாறும், பரப்பு அவ்வளவாக மாறாது. காய்ந்த சாலையில் வளைவுகளில் கொஞ்சம் நன்மை உண்டு. ஆனால் நம் ஊரில் மாலை 4 மணிக்கு மழை. இலேசான காருக்கு அகல டயர் போட்டால் அது தண்ணீரை வெட்டிக்கொண்டு போகாமல் தண்ணீர் மேல் மிதக்கும். ஒல்லி டயர் கத்தி மாதிரி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தரையைப் பிடிக்கும்.

அடுத்தது ரிம். அப்பாவின் காரில் இருப்பது கம்பிச் சக்கரம், அகலம் நாலரை அங்குலம். "சின்ன இடுப்புல பெரிய வேட்டி கட்டினா நிக்குமா?" என்றார். அகல டயரைக் குறுகிய ரிம்மில் மாட்டினால் பக்கச்சுவர் உள்ளே ஒடுங்கி, வளைவில் கார் தள்ளாடும். கம்பிகளுக்கும் சுமை கூடும்.

"185/70 போடறாங்களே, இங்கிலாந்துலயே நிறையப் பேர் போடறாங்க" என்றான் விடாப்பிடியாகத் தங்கை மகன். தவுக்கே தப்பென்று சொல்லவில்லை. அதன் உயரம் 615, மீட்டர் கணக்கு கிட்டத்தட்ட சரியாக வரும். ஆனால் நாலரை அங்குல ரிம்முக்கு அதுதான் கடைசி எல்லை. மூலையில் கிடந்த ஒரு பழைய டயரை எடுத்து இடது பின் சக்கரத்தில் மாட்டினார். எங்கள் இருவரையும் காரில் உட்காரச் சொல்லி, பின்பக்கத்தைத் தன் எடையால் அழுத்தினார். மட்கார்டின் உள் விளிம்பில் டயர் தொட்டது. இந்த வகைக் கார்களில் இடது பின்பக்கம் இடம் குறைவு என்பது அவர் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்த செய்தி.

மூன்றாவது, டியூப். கம்பிச் சக்கரத்தில் ஒவ்வொரு கம்பியின் தலையும் ரிம்மைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும். அந்தத் துளை வழியே காற்று போய்விடும் என்பதால் டியூப் கட்டாயம். டியூபுக்கும் கம்பித் தலைக்கும் நடுவே ரப்பர் பட்டை வேண்டும். டயருக்குள் ஒட்டியிருக்கும் காகிதச் சீட்டைக்கூடக் கிழித்துச் சுத்தம் செய்த பிறகுதான் டியூபைப் போட வேண்டும். அந்தச் சீட்டின் விளிம்பே தேய்த்துத் தேய்த்து டியூபை ஓட்டையாக்கிவிடுமாம்.

"உங்கப்பா ஒரு சிவப்பு நோட்டு வச்சிருந்தாரே, அது எங்க?" என்றார் கடைசியாக.

சிவப்பு நோட்டு தங்கை வீட்டுப் பரணில் இருந்தது. தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் நோட்டு. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. எண்ணெய் மாற்றிய தேதி, பிளக் மாற்றிய தேதி. ஒரு பக்கம் முழுக்க டயர். முதல் வரியில் '5.60-14, கம்பெனி அளவு' என்று இருந்தது. அது அந்தக் காலத்துக் கிராஸ்பிளை டயர். உள்ளே நூல் அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று குறுக்காக ஓடும். அகலத்தையும் அங்குலத்திலேயே எழுதுவார்கள். அடுத்த வரியில் 'ரேடியல் 165 ஆர் 14. நாலும் ஒன்றாக மாற்ற வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.' ரேடியலில் நூல்கள் குறுக்கே நேராக ஓட, மேலே கம்பிப் பட்டை இறுக்கிப் பிடித்திருக்கும். மிஷ்லின் 1946இல் காப்புரிமை பெற்ற முறை அது. இரண்டுக்கும் சாலையைப் பிடிக்கும் குணம் வேறு. முன்னால் ரேடியல், பின்னால் கிராஸ்பிளை என்று மாட்டினால் வளைவில் கார் பின்பக்கம் வழுக்கிச் சுழலும்.

அதற்குக் கீழே: 'காற்று முன் 21, பின் 24. கடைப் பையன் 35 அடிப்பான். விடாதே.'

படித்ததும் வெட்கமாக இருந்தது. வெள்ளோட்டத்துக்கு முன் நான் கண்ணை மூடிக்கொண்டு அடித்தது 35.

*

அளவு தெரிந்துவிட்டது. டயர்தான் இல்லை. 14 அங்குலத்தில் 165ஐ உள்ளூர்க் கடைகளில் கேட்டால் மறுபடி வேன் டயரைத்தான் காட்டினார்கள். பழைய கார்களுக்காகவே பழைய அளவுகளைத் திரும்பச் செய்யும் கம்பெனிகள் ஐரோப்பாவில் இருக்கின்றன. தவுக்கே விசாரித்துச் சொன்னார்: உதிரியோடு சேர்த்து 5 டயர், கப்பலில் வர 6 முதல் 8 வாரம். கல்யாணத்துக்கு இருந்தது 4 வாரம்.

அப்போதுதான் தங்கை மகன் ஒரு நல்ல செய்தியோடு ஓடி வந்தான். யாரோ ஒருவர் அதே அளவில் 4 டயர் வைத்திருக்கிறாராம். 165தான், ரேடியல்தான், பூ முழுசாக இருக்கிறது, விலையும் குறைவு. போய்ப் பார்த்தோம். பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். முட்டைக் கட்டத்தைத் தேடினேன். 2011 என்று முடிந்தது. 13 வயது.

"மாமா, ஒரு நாள்தானே. கிள்ளான்லருந்து பிரிக்ஃபீல்ட்ஸ். 30 கிலோமீட்டர். மெதுவா போலாம்."

எனக்கும் ஆசைதான். மண்டப வாசலில் அந்தப் பச்சைக் கார் வந்து நிற்பதையும், மகள் இறங்குவதையும் மனசுக்குள் எத்தனை முறை பார்த்துவிட்டேன்! அளவு சரி. ஒரே ஒரு நாள். என்ன ஆகிவிடும்? வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

"ப்பா, அன்னைக்கு உங்க சட்டையைப் பிடிச்சேன்ல, பட்டன் கூட அறுந்துடுச்சு. கல்யாணத்தன்னைக்கும் நான் அதையே பிடிச்சிக்கிட்டு வரணுமா? மைவில போலாம்."

ஆவணியில் கல்யாணம். பூச்சரம் கட்டிய வெள்ளை மைவியில் மகள் வந்து இறங்கினாள். 'தாத்தா கார் எங்கே?' என்று கேட்டவர்களிடமெல்லாம் 'டயர் வரவில்லை' என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. 'ஒரு டயருக்காகவா?' என்று சிலர் சிரித்தார்கள். எங்கள் பெரியத்தைக்கு என் மேல் வருத்தமே. அப்பா பெயரை நான் காப்பாற்றவில்லையாம்.

*

டயருக்காகக் காத்திருந்த நாட்களில் ஒரு நாள் காப்பார் சாலைப் பக்கம் போனேன். தாத்தா பால் மரம் வெட்டிய தோட்டம் இன்று இல்லை. தொழிற்பேட்டையும் வீடுகளுமாக இருக்கிறது. ஸ்காட்லாந்துக்காரரான டன்லப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றது 1888இல். மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையைப் பரப்பிய ரிட்லி, சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவுக்கு வந்ததும் அதே 1888இல்தான். அங்கே டயர் பிறந்தது, இங்கே அதற்கான மரம் காடாகப் பெருகியது, மரத்தை வெட்ட நம் ஆட்களைக் கப்பலில் ஏற்றினார்கள். 1910 வாக்கில் டன்லப் கம்பெனியே மலாயாவில் தோட்டம் போட்டது.

விடியலுக்கு முன் பெரட்டுக்கு நின்று, மங்கு துடைத்து, ஒட்டுப்பால் பொறுக்கிய தாத்தா, தன் வாழ்நாளில் டயர் வைத்த வண்டி எதற்கும் சொந்தக்காரராக இருந்ததில்லை. இன்றைக்கும் டயரில் பாதி செயற்கை ரப்பர் என்றாலும், வளைந்து நெளிந்து உழைக்கும் பக்கச்சுவருக்கு இயற்கை ரப்பர் வேண்டும். ரேடியல் டயருக்கு அது இன்னும் அதிகம் வேண்டும். தோட்டங்கள் போயின. டயர் ஆலைகளும் போகின்றன. ஷா ஆலாமில் 50 ஆண்டுக்கு மேல் நடந்த குட்இயர் ஆலையை அந்த ஜூனில்தான் மூடினார்கள். உலகத்துக்கே ரப்பர் கொடுத்த கிள்ளானில் உட்கார்ந்துகொண்டு, இங்கிலாந்திலிருந்து வரும் டயருக்கு நான் காத்திருந்தேன்.

*

கல்யாணம் முடிந்த 12ஆம் நாள் டயர் வந்தது. முதல் வேலையாக முட்டைக் கட்டத்தைப் பார்த்தேன். அந்த வருஷத்து டயர். தவுக்கே கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். காகிதச் சீட்டைக் கிழித்தார்களா, ரப்பர் பட்டை போட்டார்களா, டியூப் மடிந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் எழுந்து எழுந்து பார்த்தேன். கடைப் பையன் காற்றுக் குழாயை எடுத்ததும் "முன்னால 21, பின்னால 24" என்றேன். அவன் தவுக்கேயைப் பார்த்தான். தவுக்கே என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அடுத்த ஞாயிறு காலை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். காரில் இடம் இரண்டு பேருக்குத்தான். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, "நான் மைவில பின்னால வரேன் மாமா" என்றார். ஓட்டியது மகள். நான் பக்கத்தில். கிள்ளானிலிருந்து கிளம்பி ஷா ஆலாம் தாண்டியதும் என் கால் தானாகத் தரையை அழுத்தியது. பத்து தீகா வந்தது, போனது. சத்தமில்லை. மீட்டர் முள் 50 மைலில் நின்றது. கைப்பேசியைப் பார்த்தேன், 80 கிலோமீட்டர். கணக்கு சரி.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஜாலான் துன் சம்பந்தன் பக்கம் ஒரு கடையில் தோசையும் கோப்பியும் சாப்பிட்டோம். மகள் பையிலிருந்து சிவப்பு நோட்டை எடுத்தாள். அப்பாவின் கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: '165 ஆர் 14. புது டியூப். முன் 21, பின் 24.' அதற்குக் கீழே, அப்பா எழுதாத ஒரு வரியையும் சேர்த்தாள்: '2034க்கு மேல் ஓட்டக் கூடாது.'

அப்பாவின் நோட்டில் எல்லாம் இருந்தது, அது ஒன்று மட்டும் இல்லை. தனக்குப் பிறகு கார் இவ்வளவு நாள் நிற்கும் என்று அவர் நினைத்திருக்க மாட்டார்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். கைப்பேசி வெளிச்சத்தோடு வாசலுக்குப் போய் உங்கள் கார் டயரின் பக்கச்சுவரைத் துடைத்துப் பாருங்கள். ஓட்டுநர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவும் டயரில் உள்ள அளவும் ஒன்றா? முட்டைக் கட்டத்தில் என்ன வருஷம்? உதிரி டயரையும் மறக்காதீர்கள். பூவை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நான் பார்த்த பூவும் வாடவில்லைதான்.